ஸ்கேன் முடிந்தது, 41 ஃபைல்களைத் திறக்க முடியவில்லை

தென்காசி ரோட்டு எடைமேடையிலோ, ஜங்ஷன் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டரிலோ எட்டிப் பார்த்தால் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று இன்றும் கண்ணில் படலாம். அதை வெறும் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. எடைமேடை இண்டிகேட்டர் பழைய சீரியல் போர்ட்டில்தான் பேசும். பத்திரிகை மாதிரிகள் எல்லாம் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய ஃபான்டில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு புரோகிராமில் கிடக்கின்றன. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டது 2014 ஏப்ரல் 8-ல். விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரி 14-ல். ஆனால் பென்டிரைவோடு வருகிறவர்கள் தினமும் வருகிறார்கள். ஆகவே ஸ்பைவேர் (உளவு பார்க்கும் கள்ள புரோகிராம்) ஸ்கேன் ஓட்டியே ஆக வேண்டும். ஓட்டினால் கடைசியில் சிவப்பாக ஒரு பட்டியல் வந்து வயிற்றைக் கலக்கும்.

"அண்ணாச்சி, சிஸ்டம் ஃபைல்லயே வைரஸ் ஏறிட்டுன்னு காட்டுது. எல்லாத்தயும் அழிச்சிரட்டா?"

"பொறுல, ஒண்ணயும் அமுக்காத. மொதல்ல அந்த வரியப் படி."

அந்தப் பட்டியலில் மூன்று ஜாதி வரிகள் கலந்து கிடக்கும்: திறக்க முடியாதவை, படிக்க முடியாதவை, கண்டுபிடித்தும் நீக்க முடியாதவை. நிறம் மூன்றுக்கும் ஒன்றே, வைத்தியம் வேறு வேறு. பல ஸ்கேனர்கள் வரியின் கடைசியில் விண்டோஸ் கொடுத்த பிழை எண்ணையும் போடும். முக்கால்வாசிப் பதில் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

எண் 32 என்றால் 'வேறொரு புரோகிராம் இந்த ஃபைலைக் கையில் வைத்திருக்கிறது' என்று பொருள். சி டிரைவின் வாசலிலேயே இருக்கும் பேஜ்ஃபைல்.சிஸ், ஹைபர்ஃபில்.சிஸ் இரண்டும் இதில் முதல் ஆட்கள். ராம் போதாதபோது விண்டோஸ் நினைவைக் கொட்டி வைக்கும் இடம் முன்னது. கம்ப்யூட்டரை ஹைபர்னேட் செய்யும்போது ராமில் உள்ளதை எழுதி வைக்கும் இடம் பின்னது. அடுத்து, சிஸ்டம்32-க்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் சாம், செக்யூரிட்டி, சாஃப்ட்வேர், சிஸ்டம், டிஃபால்ட் என்று ஐந்து ஃபைல்கள். யூசர் ஃபோல்டரில் என்டியூசர்.டாட். விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை எழுதி வைக்கும் ரிஜிஸ்ட்ரி இவைதான். கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போது பேரேட்டை இழுத்துப் பார்க்க முடியுமா? விண்டோஸ் ஓடுகிற வரைக்கும் பேரேடு அதன் மடியில்தான். ஸ்கேனர் கையை நீட்டுகிறது, விண்டோஸ் தட்டிவிடுகிறது, வரி பதிவாகிறது. இதில் நோய் எதுவும் இல்லை.

பெயரை மட்டும் பார்த்து விட்டுவிடவும் கூடாது. பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டரை அப்படியே டி டிரைவில் காப்பி செய்து வைத்திருப்பார்கள். அங்கே கிடக்கும் சாம், சாஃப்ட்வேர் எல்லாம் செத்த ஃபைல்கள், யார் மடியிலும் இல்லை. அங்கேயும் 32 வந்தால், யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பேஜ்ஃபைல்.சிஸ் என்ற பெயரில் டெம்ப் ஃபோல்டருக்குள் ஒன்று இருந்தால் அதுவும் சந்தேகக் கேஸ்தான். அசல் பேஜ்ஃபைல் டிரைவின் வாசலை விட்டு உள்ளே போகாது.

எண் 5 என்பது 'அனுமதி இல்லை'. இது அதிகமாக வரும் இடம் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற மறைவு ஃபோல்டர். விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரீஸ்டோர் தன் பழைய நகல்களை இங்கேதான் பூட்டி வைக்கிறது. அட்மினுக்கே சாவி கிடையாது. ஒரு டிஎல்எல் ஃபைலில் கிருமி ஏறி, அதற்குப் பின் ரீஸ்டோர் பாயின்ட் விழுந்திருந்தால் அந்தக் கிருமிக்கும் ஒரு நகல் உள்ளே போயிருக்கும், ஏ-வில் தொடங்கி எண்களாக நீளும் ஒரு புதுப் பெயரில். ஸ்கேனர் அதைக் கண்டுபிடிக்கும், நீக்க முடியாமல் தவிக்கும், மறுநாளும் அதே வரியைக் காட்டும். பூட்டுக்குள் கிடக்கும்வரை அந்த நகல் ஓடாது, யாராவது ரீஸ்டோர் செய்தால்தான் வெளியே வரும். எனவே முதலில் வெளியே உள்ள கிருமியை ஒழித்துவிட்டு, அப்புறம் மை கம்ப்யூட்டர், பிராப்பர்ட்டீஸ், சிஸ்டம் ரீஸ்டோர் என்று போய் எல்லா டிரைவுக்கும் அணைத்து, மறுபடி போட வேண்டும். அணைத்ததும் நகல்கள் அத்தனையும் அழிந்துவிடும். வரிசையை மாற்றிச் செய்து, பாதி சுத்தமான கம்ப்யூட்டரில் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம்.

எண் 23 அல்லது 1392 வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். 23 என்பது சிஆர்சி பிழை: டிஸ்க்கில் எழுதியதும் திரும்பப் படித்ததும் ஒத்துப்போகவில்லை. 1392 என்பது ஃபைலோ ஃபோல்டரோ சிதைந்துவிட்டது என்பது. ஸ்கேனர் ஃபைல் ஃபைலாக டிஸ்க் முழுவதையும் தொடுவதால், வருஷக்கணக்கில் யாரும் திறக்காத மூலையில் இருக்கும் கெட்ட செக்டார் (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வரும். ஸ்பைவேர் என்று நினைத்து ஸ்கேனரை மாற்றி மாற்றி ஓட்டினால், சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஓட வைத்த கதையாகிவிடும். மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், மேனேஜ், ஈவென்ட் வியூவர், சிஸ்டம் என்று போனால் 'டிஸ்க்' என்ற பெயரில் 7-ம் எண் நிகழ்வு இருக்கும்: கெட்ட பிளாக். 'என்டிஎஃப்எஸ்' பெயரில் 55 இருந்தால் ஃபைல் அமைப்பு சிதைந்திருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கில் 5, 197 ஆகிய எண் கொண்ட இரண்டு வரிகளும் ஏறினால் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் கோளாறு. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான். தூசி படிந்த கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே, போனால் புதிதாக ஒன்று போட்டாலே சரியாகிவிடும்.

இந்த இடத்தில் பலரும் உடனே டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையை 'ஆர்' ஸ்விட்ச்சோடு ஓட்டிவிடுவார்கள். அது செக்டார் செக்டாராக டிஸ்க்கைத் தேய்க்கும்; பழைய டிஸ்க்கில் மணிக்கணக்காகும். தட்டு தேய்ந்த டிஸ்க் பாதியிலேயே நின்றுவிட்டால் பத்திரிகை மாதிரிகளும் போச்சு, எடைக் கணக்கும் போச்சு. காப்பி முதலில், செக்டிஸ்க் பிறகு.

எண் 3 அல்லது 206 வந்தால், பெரும்பாலும் பாதை, அதாவது ஃபைலின் முழு முகவரி, நீளம். பழைய விண்டோஸில் டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் முடிய 260 குறியீடுகள்தான் எல்லை. தமிழில் பெயர் வைத்தால் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். 'திருநெல்வேலி' நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் மெய் தனி, உயிர்க்குறி தனி, புள்ளி தனி என்பதால் கம்ப்யூட்டருக்கு அது 12. மேல் ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்கினால் போதும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, 'கண்டுபிடித்தேன், நீக்கட்டுமா?' என்று ஒரு சிஸ்டம் ஃபைலைக் காட்டி ஸ்கேனர் கேட்கும் நேரம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 என்ற எண் கொண்ட அப்டேட், எக்ஸ்பியின் மூன்றாவது அப்டேட் தொகுப்பான சர்வீஸ் பேக் 3-ன் அசல் எஸ்விசிஹோஸ்ட்.எக்ஸ்இ ஃபைலையே வெகார்ல் என்ற வைரஸாகப் பிடித்தது. விண்டோஸின் பின்னணியில் ஓடும் பல சர்வீஸ்கள் அந்த ஒற்றை ஃபைலின் தோளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் இழந்து, அணைந்து அணைந்து எழுந்தன. 2008 நவம்பரில் ஏவிஜி இதேபோல எக்ஸ்பியின் யூசர்32.டிஎல்எல்-ஐ டிரோஜன் என்றது. ஸ்கேனர் பார்ப்பது பைட்டுகளின் சாயலை. அசல் ஃபைலுக்குள் நுழைந்து அதையே திருத்தும் கிருமிக்கு அடையாளம் எழுதும்போது, கோடு கொஞ்சம் அகலமாக விழுந்தால் அசலும் உள்ளே வந்துவிடும். அப்டேட்டை வெளியிடும் முன் பழைய விண்டோஸில் ஓட்டிப் பார்க்கும் ஆளும் இப்போது குறைவு.

ஆகவே 'நீக்கு' வேண்டாம், 'குவாரன்டைன்' (தனியே பூட்டி வைப்பது) கூட உடனே வேண்டாம். இடத்தைப் பாருங்கள். எஸ்விசிஹோஸ்ட் இருக்க வேண்டியது சிஸ்டம்32-ல். 64 பிட் விண்டோஸில் சிஸ்வாவ்64-லும் ஒன்று உண்டு. எக்ஸ்ப்ளோரர்.எக்ஸ்இ இருக்க வேண்டியது விண்டோஸ் ஃபோல்டரில். 'எஸ்சிவிஹோஸ்ட்' என்று எழுத்து இடம் மாறியிருந்தால் அது கள்ளன். இடமும் பெயரும் சரியாக இருந்தால் அந்த ஃபைலை ஒரு பென்டிரைவில் எடுத்து, புது விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் செர்ட்யூட்டில் கட்டளையின் ஹாஷ்ஃபைல் ஸ்விட்ச்சால் ஷா256 கைரேகையை எடுங்கள். அந்த 64 எழுத்து எண்ணை வைரஸ்டோட்டல் தளத்தில் தேடினால் பல நிறுவன ஸ்கேனர்களின் தீர்ப்பு ஒரே பக்கத்தில் வரும். ஒன்றிரண்டு மட்டும் கத்தினால் பொய் அலாரமாக இருக்கவே வாய்ப்பு. முக்கால்வாசி கத்தினால் ஃபைலை மாற்றத்தான் வேண்டும். மாற்றுவது என்றால் அழிப்பது அல்ல. எக்ஸ்பியில் சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டினால் விண்டோஸ் சிடி கேட்கும். சர்வீஸ் பேக் 2 சிடியை சர்வீஸ் பேக் 3 கம்ப்யூட்டரில் போட்டால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். சர்வீஸ் பேக்கைப் பின்னால் ஏற்றியிருந்தால், சரியான நகல் விண்டோஸுக்குள் சர்வீஸ்பேக்ஃபைல்ஸ் ஃபோல்டரின் ஐ386-ல் இருக்கும்.

ஸ்கேனர் அப்டேட்டே ஆகவில்லை, டிஜிட்டல் கையெழுத்து (அசல்தான் என்ற முத்திரை) செல்லவில்லை என்று அழுதால், ஸ்பைவேரைத் தேடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட். அது தீர்ந்த கம்ப்யூட்டர், கரண்ட் போய் வந்ததும் பல வருஷம் பின்னால் விழுந்துவிடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் எதையும் நம்பாது. பேட்டரியை மாற்றி, விண்டோஸ் எழும் முன் திறக்கும் பயாஸ் செட்டிங்கில் தேதியைத் திருத்தினால் தீர்ந்தது. விண்டோஸ் 7-ல் தேதி சரியாக இருந்தும் இதே அழுகை என்றால், ஷா2 கையெழுத்தைப் புரியவைக்கும் கேபி4474419 அப்டேட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

32 எண் வரிகளின் உள்ளேயும் பார்த்தே தீர வேண்டும் என்றால், விண்டோஸ் ஓடாதபோது பார்க்க வேண்டும். 512 எம்பி ராம் உள்ள பழைய பெட்டியில் விண்டோஸ் இல்லாமலே எழும்பி ஸ்கேன் செய்யும் இன்றைய ரெஸ்க்யூ பென்டிரைவ்கள் எழும்புவது சந்தேகம். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகப் புது கம்ப்யூட்டரில் மாட்டுவது சுலபம். டெஸ்க்டாப் டிஸ்க் 12 வோல்ட் கேட்கும், கன்வெர்ட்டரின் தனி அடாப்டர் இல்லாமல் சுழலாது. லேப்டாப் டிஸ்க்குக்கு யுஎஸ்பியின் 5 வோல்ட் போதும். கழற்றும் முன் ஹைபர்னேட் அல்ல, முழு ஷட்டவுன். புது கம்ப்யூட்டரில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை, 'தொடரவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த டிஸ்க்கின் அனுமதிப் பட்டியலே மாறிவிடும். இப்போது ரிஜிஸ்ட்ரி ஃபைல்கள் மற்ற ஃபைல்களைப் போலத் திறக்கும். பேஜ்ஃபைலை அழித்தாலும் பரவாயில்லை, அடுத்த தடவை எழும்போது விண்டோஸ் புதிதாக எழுதிக்கொள்ளும். ரிஜிஸ்ட்ரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டி அதே ஸ்கேனை ஓட்டினால், 41 வரி குறைந்து பேஜ்ஃபைல், ரிஜிஸ்ட்ரி, இன்னும் சில 32-கள் என்று பத்துப் பன்னிரண்டில் வந்து நிற்கலாம். அவற்றை ஒரு தாளில் எழுதி சிபியு பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த மாதம் தாளில் இல்லாத வரி வந்தால், அதை மட்டும் பாருங்கள்.