ஹெட்செட்: காதுக்கா, தலைக்கா?

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் ஏறி "ஒரு ஹெட்செட் கொடுங்க" என்று கேட்டால், உடனே எதிர்க்கேள்வி வரும்: "காதுக்குள்ள வைக்கிறதா சார், கழுத்துல போடுறதா, தலையில மாட்டுறதா?" நியாயமான கேள்விதான். நம் பேச்சில் ஹெட்செட் என்பது காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. பேருந்து நிலையத்தில் கொத்தாகத் தொங்கவிட்டு விற்கிறார்களே, அந்த ஒயர் ஹெட்செட் தலையைத் தொடுவதுகூட இல்லை. பெயரில் மட்டும் தலை இருக்கிறது.

இந்தச் சொல்லை நான் நின்று பார்த்ததற்குக் காரணம் என் அக்கா மகன். கல்லூரி முதலாண்டு படிக்கிறான். "மாமா, ராத்திரி ரெண்டு மணி நேரம் விளையாடினா காது பத்தி எரியுது. வயர்லெஸ் கேமிங் ஹெட்செட் ஒண்ணு வேணும், வலிக்காததா பாத்துச் சொல்லுங்க" என்றான். வயர்லெஸ், கேமிங், ஹெட்செட். மூன்றும் இரவல். வலி மட்டும் சொந்தத் தமிழ்.

ஹெட்செட்டின் பின்பாதியான 'செட்' நமக்குப் பழைய விருந்தாளி. ஆங்கிலத்தில் அந்த ஒலியில் இரண்டு வேர்கள் கலந்து கிடக்கின்றன. 'வை' என்று பொருள்படும் வினை ஒன்று. 'தொகுதி' என்னும் பொருள் தரும் பெயர்ச்சொல் இன்னொன்று. அது 'ஒருவரைப் பின்பற்றும் கூட்டம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. நாம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். டீ செட், பேண்டு செட், பம்பு செட். கோயில் கொடையில் கட்டும் மைக் செட் என்றால் மைக், ஆம்ப்ளிஃபையர், கூம்புக் குழாய் எல்லாம் அதில் அடக்கம். குழாயை மட்டும் கட்டிவிட்டு மைக் செட் போட்டாயிற்று என்று யாரும் சொல்வதில்லை.

ஹெட்செட்டும் அந்த வகைதான்: தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன மைக் செட். கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். கேட்க மட்டும் என்றால் அது ஹெட்போன். அதில் வரும் 'போன்' குரல், ஒலி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்.

இந்த வேறுபாடு அகராதிக்காரர்களின் வீண் பிடிவாதம் என்று நினைத்தால், விண்டோஸ் 10 உள்ள கணினியில் ஒரு ப்ளூடூத் ஹெட்செட்டை இணைத்துப் பாருங்கள். ஒரே கருவி பட்டியலில் இரண்டு பெயரில் வரும். ஒன்று ஹெட்போன்ஸ், மற்றொன்று ஹெட்செட். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு இரண்டு காதிலும் தனித்தனியாகப் பிரிந்து நன்றாகக் கேட்கும், ஆனால் மைக் இயங்காது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் மைக் இயங்கும், ஒலியோ பழைய தொலைபேசிக் குரலாகத் தேய்ந்துவிடும். அழைப்புக்கென்று வகுத்த பழைய ப்ளூடூத் முறையில் ஒலியின் மாதிரி வீதம், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளக்கிறது என்பது, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான்; குறுந்தகட்டில் அது 44.1. போதாததற்கு, இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகும். விளையாட்டின் நடுவே கூட்டாளியோடு பேச மைக்கைத் திறந்ததும், எதிரியின் காலடி இடமா வலமா என்று தெரியாமல் போவது இதனால்தான்.

அதனால்தான் கேமிங் ஹெட்செட்டோடு கணினியில் செருகிக்கொள்ள, விரல் நகம் அளவுக்கு ஒரு யுஎஸ்பி டாங்கிள் வருகிறது. பெட்டியில் '2.4 கிகாஹெர்ட்ஸ்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. மாறுவது பேசும் முறை. வழக்கமான ப்ளூடூத்தில் படத்துக்கும் ஒலிக்கும் நடுவே நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி விழுவது சாதாரணம். டாங்கிளில் அது உறைக்காத அளவுக்குக் குறைந்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டிகள் இரண்டுமே ப்ளூடூத் ஹெட்செட்டை நேரடியாகச் சேர்த்துக்கொள்வதில்லை. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்கென்றே குறிப்பிட்ட மாதிரியைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வயர்லெஸ் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. வானொலி புதிதாக வந்த நாளில் பிரிட்டனில் அதற்கு வயர்லெஸ் என்றே பெயர். தமிழில் முதலில் வந்தது 'கம்பியில்லாத் தந்தி'. தந்தி என்றாலே கம்பிதானே, வீணையில் இருப்பதும் அதுதானே என்று யோசித்தால், கம்பியில்லாத கம்பி என்றாகிறது! ஆனாலும் அந்தத் தொடர் அழகாக நிலைத்தது. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்த தலைக்கருவியைக் கடற்படைக்கு அனுப்பினார். அவர்கள் சோதித்துப் பார்த்து மேலும் கேட்டார்கள். சமையலறை என்பதால் ஒரு தடவைக்குப் பத்துதான் செய்ய முடிந்ததாம். அது கம்பியில்லாத் தந்தி கேட்பவர்களுக்கான கருவி, ஆனால் அதில் ஒயர் இருந்தது. ஆக, அன்றைக்கு வயர்லெஸ் ஹெட்செட் என்று ஒருவர் சொல்லியிருந்தால், வயர்லெஸ்ஸைக் கேட்பதற்கான, ஒயர் வைத்த கருவி என்றுதான் பொருள்பட்டிருக்கும்.

பாட்டுக் கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போன் வந்தது 1958இல், ஜான் காஸ் கைவண்ணத்தில். அதற்கு முன் பல பத்தாண்டுகள் இது வேலையாட்களின் கருவி. தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த பெண்களுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கையில் பிடித்ததைத் தலைக்கு ஏற்றினார்கள். சுமையைத் தலைக்கு மாற்றிய கதைதான் இந்தச் சொல்லின் கதை.

என் மருமகனின் காதுவலிக்கும் விடை இங்கேதான் இருந்தது. நாம் காதை மட்டுமே நினைத்து வாங்குகிறோம். எடை உட்காருவது தலையில்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும். பரதநாட்டியத்துக்குப் போடும் நகைத்தொகுதிக்குப் பெயரே 'தலை சாமான்'. ஹெட்செட் என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் கிடைப்பது இதுதான், யாரும் யோசிக்காமலே! நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி எல்லாம் அதில் சேரும். அதிலே மாட்டல் என்று ஒன்று உண்டு. ஜிமிக்கியின் கனம் காதுமடலை இழுக்காதபடி, தோட்டிலிருந்து காதுக்கு மேலே கூந்தலில் கொண்டுபோய்க் கொக்கி மாட்டும் சங்கிலி. காதின் பாரத்தைத் தலை வாங்கிக்கொள்கிறது. மாட்டல் இல்லாமல் பாம்படம் போட்ட தென்மாவட்டப் பாட்டிகளின் காது தோள்வரை தொங்கியதையும் பார்த்திருக்கிறோம். (அது அழகென்றே அவர்கள் வளர்த்தார்கள், அது வேறு கதை.)

ஹெட்செட்டின் மேல்பட்டைக்கு என் மனதில் தோன்றும் சொல் சும்மாடு. 'சும' என்னும் வினையில் பிறந்தது. தண்ணீர்க் குடத்துக்கும் செங்கல் தட்டுக்கும் கீழே, துணியைச் சுருட்டி உச்சந்தலையில் வைப்பார்களே, அதுதான். எடை குறைவதில்லை, பரவுகிறது. நல்ல ஹெட்செட்டில் கெட்டியான வில்லுக்குக் கீழே நெகிழும் துணிப்பட்டை ஒன்று தனியாகத் தொங்கும். தலையின் வளைவுக்கு ஏற்ப அது படியும். அதில்லாமல் ஒரு விரல் அகலத்துக்குப் பஞ்சு ஒட்டியிருந்தால், முழு எடையும் உச்சியில் ஒரே இடத்தில் இறங்கும். கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்தால் தெரியாது, இருபதாவது நிமிடத்தில் தெரியும்.

எடை கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். லாஜிடெக் ஜி435 சுமார் 165 கிராம், ஜி733 சுமார் 278 கிராம், ஆடிஸி மேக்ஸ்வெல் சுமார் 490 கிராம். கடைசியது கிட்டத்தட்ட அரைக் கிலோ வெண்டைக்காய். அதைத் தலையில் வைத்துக்கொண்டும் மணிக்கணக்கில் விளையாடுபவர்கள் இருக்கிறார்கள், ஒலி அப்படி. முதலாவது இறகு போல இருக்கும், ஆனால் காதை மூடும் கிண்ணம் சின்னது. பெரிய காதுக்காரர்களுக்குக் காது மடங்கும். மைக் தண்டும் கிடையாது, மைக் கருவியின் உடம்பிலேயே ஒளிந்திருக்கும். ஒயர் போனால் மின்கலம் உள்ளே வர வேண்டும், அதுவும் எடைதான். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஆல்ஃபா வயர்லெஸ் ஒரு முறை மின்னேற்றினால் 300 மணி நேரம் என்கிறார்கள். 165 கிராம்காரர் 18 மணி நேரத்தில் சார்ஜர் கேட்பார். எது வேண்டும் என்பது அவரவர் மறதியைப் பொறுத்தது.

எடையைவிட மோசமானது இறுக்கம். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். காதுமெத்தை கண்ணாடிக் காலைப் பொட்டில் அழுத்தும். என் மருமகனின் வலியில் இதற்கும் பங்கு உண்டு. காதின் நுனி உள்ளே எதையாவது தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும், தொட்டால் ஒரு மணி நேரத்தில் சுடும். மெத்தையின் மேலுறை ரெக்சினா துணியா என்பது நம் வெயிலில் சின்ன விஷயம் இல்லை. ரெக்சின் வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும், வேர்க்கும், சில ஆண்டுகளில் கறுப்புச் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். துணி காற்றாட இருக்கும், ஆனால் ஃபேன் சத்தம் உள்ளே வரும். நான் துணிக்கட்சி.

சரி, தமிழில் இதை என்னவென்று சொல்வது? ப்ளூடூத்துக்கு 'ஊடலை' என்றும் வைஃபைக்கு 'அருகலை' என்றும் வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல் உங்களுக்கும் வந்திருக்கும். ஊடலை நல்ல ஆக்கம்தான், ஊடே செல்லும் அலை. ஆனால் 'ஊடலை நிறுத்து' என்று எழுதினால் காதலர்க்குச் சொன்ன அறிவுரை மாதிரி இருக்கிறது. ஹெட்போனுக்குக் காதொலிப்பான் பொருந்தும், எளிதாகவும் வாயில் வருகிறது. ஹெட்செட்டுக்குக் 'காதணி' என்று தொடங்கினால் தோடு நினைவுக்கு வரும். நாம் ஹெட்செட்டை 'மாட்டு'கிறோம் என்பதால் 'தலைமாட்டி' என்று ஒன்றை யோசித்தேன். உடனே கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றது.

மைக்கும் சேர்ந்தது என்று காட்ட 'பேசி' வேண்டும். தொலைபேசி, கைபேசி, அலைபேசி என்று அந்த ஈறு கேட்பதையும் பேசுவதையும் ஒன்றாகவே சுமந்து பழகிவிட்டது. தலையில் அணியும் பேசி, தலையணிபேசி. வயர்லெஸ்ஸுக்குக் 'கம்பியில்லா' என்பதே போதும். கம்பியில்லாத் தலையணிபேசி: நீளம்தான், ஆனால் பெயரே எங்கே மாட்டுவது, எதற்கு என்று சொல்லிவிடுகிறது. பேச்சில் ஹெட்செட் இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் என் ஓட்டு இதற்கு.

மருமகனிடம் சொன்னேன். "மாமா, கடையில தலையணை எடுத்துக் குடுப்பாங்க" என்றான். கடைக்கு இருவரும் போனோம். துணிப்பட்டை தொங்குகிற அந்த வகையை எப்படிக் கேட்பது என்று அவன் ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டிருந்தான். கல்லாவில் இருந்த பெரியவரிடம் நான், "உச்சியில சும்மாடு வச்ச மாதிரி இருக்குமே அண்ணாச்சி" என்றேன். அவர் திரும்பி இரண்டாவது அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.