கேமரன் மலையில் குளிரும், தாப்பாவில் குளிராது

மச்சான் தன் பழைய வேனில் மெத்தை போட்டு, கேஸ் அடுப்பு வைத்து, இரண்டாவது பேட்டரியும் பூட்டினார். முதல் பயணம் மலேசியாவில் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு. தலையில் மாட்டும் விளக்கு, டயர் காற்று பார்க்கும் மீட்டர் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். யோசித்து வாங்க வேண்டியது ஐஸ் பெட்டி.

நாங்கள் முதலில் வாங்கியது மலிவான பெல்டியர் பெட்டி. இரண்டு வகைக் குறைகடத்தித் துண்டுகளின் இணைப்பில் கரண்டைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். 1834இல் பிரான்ஸின் ஜான் பெல்டியர் உலோகங்களில் கண்ட விளைவு இது. பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். வெளிச்சூட்டைவிட 15 முதல் 20 டிகிரி குறைத்தாலே அதற்குப் பெரிய காரியம். கேமரன் மலையின் 20 டிகிரியில் பால் ஜில்லென்று இருந்தது. தாப்பாவில் செம்பனை ஓரம் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 40 டிகிரி. அதில் இருபதைக் கழித்துப் பாருங்கள், இறால் தாங்குமா?

அப்புறம் கம்பிரசர் பெட்டி வாங்கினோம். வீட்டு ஃபிரிஜ் மாதிரியே திரவம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சும். கம்பிரசர் அந்த ஆவியை அமுக்கி, சூட்டை வெளியே விடும். குளிர்ந்ததும் தானே நின்றுவிடும். 100 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் 100 மணி நேரம் தரும் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தைரியமாகச் செலவழிக்கலாம். பெல்டியர் ஓயாமல் 5 ஆம்பியர் இழுத்தால் அது 10 மணி நேரத்தில் தீரும். அதே 5 ஆம்பியரை மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் இழுக்கும் கம்பிரசருக்கு 30 மணி நேரம் வரும்.

கணக்கு சரி. ஆனால் முதல் இரவே பெட்டி குளிரும் முன்பே நின்று நின்று ஓடியது. வோல்ட் மீட்டர் வைத்தால் பேட்டரியில் 12.4 வோல்ட், பெட்டியின் பிளக்கிலும் 12.4. எதில் கோளாறு? மச்சான் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு.

லயத்துக் கடைசி வீட்டுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் திறக்காதபோது அங்கும் அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒயரும் அப்படியே. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போக வர 12 மீட்டர். 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் கரைந்துவிடும். பெட்டிக்குக் கிடைப்பது 11. பேட்டரியைக் காக்க 11.3இல் அணையும்படி வைத்திருந்ததால் அது அணைந்தது. அணைந்ததும் வோல்ட் ஏறும், மறுபடி ஓடும், மறுபடி அணையும். ஓடும்போது அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் மாற்றினோம், இழப்பு 0.2 வோல்ட்டுக்கு இறங்கியது.

பழைய பெட்டியை அக்கா எடுத்துக்கொண்டார். கரண்டின் திசையை மாற்றினால் பெல்டியரில் குளிரும் பக்கம் சுடும். அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. கேமரன் மலைக் குளிரில் இட்லி மாவு சீக்கிரம் பொங்காது. அக்கா பத்து நிமிடம் சூடாக்கி, அணைத்து, மாவை உள்ளே வைத்து மூடிவிடுகிறார்.