எத்தனை அடிக்கு எவ்வளவு தண்ணி? டர்போ காருக்கு ஃப்யூவல் பம்ப் வாங்கும் கணக்கு

சேலம் பக்கத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரிக்கு வரும்போதுதான் அது முதன்முதலில் தெரிந்தது. சித்தப்பா மகன் ஓட்டிக்கொண்டிருந்தான், நான் பக்கத்து சீட்டில். வண்டி பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான். கம்பெனியிலிருந்து வந்தபோது 150 எச்பி, அதில் பெரிய டர்போ, பெட்ரோலைத் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர், எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புது ரீமேப் எல்லாம் போட்டு 300 எச்பிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவனுடைய ரெண்டு வருஷத்து ஆசை. வரிசையாகப் போன லாரிகளைத் தாண்டுவதற்காக மூன்றாம் கியரில் முழுசாக மிதித்தான். 5000 ஆர்பிஎம் வரை நன்றாக இழுத்த வண்டி, அதற்கு மேலே மூச்சு முட்டியது போலத் திணறியது. டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருந்த, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் ஏஎஃப்ஆர் மீட்டர் 12-லிருந்து 14-க்கு ஏறியது. காலை எடுடா என்று கத்தியேவிட்டேன்.

ஏன் அவ்வளவு பதற்றம்? ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். சும்மா ஓட்டும்போது அந்த விகிதம் சரி. டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் திணிக்கும்போது மட்டும், 12 கிலோ காற்றுக்கே ஒரு கிலோ பெட்ரோல் என்று வேண்டுமென்றே கூடுதலாக ஊற்றுவார்கள். எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு சிலிண்டரைக் குளிர வைக்கும். அந்த நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறும், கலவை தானாகவே தப்பான நேரத்தில் வெடிக்கும். அதுதான் நாக்கிங். சில விநாடிகள் நீடித்தாலே பிஸ்டன் ஓரம் உடையலாம், உருகவும் செய்யலாம். எங்கள் வண்டியில் காற்று வந்துவிட்டது, பெட்ரோல் வந்து சேரவில்லை. இன்ஜெக்டர் பெரிசுதான், ஆனால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இன்னும் அதே 150 எச்பி காலத்து பம்ப்.

தம்பி அன்று ராத்திரியே முடிவெடுத்துவிட்டான். "மணிக்கு 450 லிட்டர் அடிக்கிற பம்ப் வாங்கிடலாம்ணா, இருக்கறதுலயே பெருசு." கொஞ்சம் பொறு என்றேன். காரணம், அதே வாரம் காரிமங்கலத்தில் சித்தப்பா தோட்டத்து போர்வெல்லுக்கு புது சப்மெர்சிபிள் மோட்டார் வாங்கப் போயிருந்தோம். எத்தனை எச்பி வேண்டும் என்று கடைக்காரர் கேட்கவே இல்லை. "எத்தனை அடியில இறக்கப் போறீங்க? உங்க பக்கம் கரண்டு எவ்ளோ வோல்ட் வருது?" இந்த ரெண்டு கேள்விதான். கார் பம்புக்கும் இதே ரெண்டு கேள்விதான், டப்பாவில் அச்சடித்திருக்கும் லிட்டர் கணக்கு அதற்கு அப்புறம்தான் வருகிறது.

முதலில், பம்ப் ஏன் டேங்குக்குள் மூழ்கி இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். மேலே மோட்டாரை வைத்துக்கொண்டு ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 25 அடிக்கு மேல் போனால் மோட்டார் திணறும், ஏனென்றால் உறிஞ்சுவது என்பது உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுவதுதான், அதற்கு ஒரு எல்லை உண்டு. பெட்ரோலில் இந்தப் பிரச்சினை இன்னும் மோசம். அழுத்தம் குறைந்தால் அது சீக்கிரமே கொதித்து ஆவியாகிவிடும், அதுவும் கிருஷ்ணகிரி ஏப்ரல் வெயிலில் கேட்கவே வேண்டாம். குழாயில் ஆவி நிறைந்தால் பம்ப் காற்றைத்தான் அடிக்கும். அதனால் போர் மோட்டாரைப் போலவே இதையும் உள்ளேயே இறக்கி, உறிஞ்சாமல் தள்ளும்படி செய்தார்கள். பெட்ரோலுக்குள் கரண்டு மோட்டாரா என்று பயப்பட வேண்டாம். தீப்பிடிக்கக் காற்று வேண்டும், பம்புக்குள்ளே இருப்பது பெட்ரோல் மட்டும். அந்தப் பெட்ரோல்தான் மோட்டாரைக் குளிர வைக்கிறது, தேயாமலும் வைக்கிறது. ரிசர்விலேயே வண்டியை ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஆழக் கணக்கு. இன்ஜெக்டர் என்பது ஒரு சின்னத் துளை, அதில் எவ்வளவு பெட்ரோல் போகும் என்பது துளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் அழுத்த வித்தியாசத்தைப் பொறுத்தது. எங்கள் வண்டியில் அது 3 பார். டர்போ 1.5 பார் அழுத்தத்தில் காற்றைத் திணித்தால், அந்தக் காற்று இன்ஜெக்டரின் வாயில் எதிர்த்து நிற்கும். வித்தியாசம் 3 பாராகவே இருக்க வேண்டும் என்றால் குழாய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதை 4.5 பாருக்கு ஏற்ற வேண்டும். 10 மீட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார். ஆக, டர்போ அழுத்தம் இல்லாதபோது அதிகபட்சம் 100 அடியிலிருந்து இறைத்துக்கொண்டிருந்த மோட்டாரை, சரியாக எஞ்சினுக்கு அதிகம் தேவைப்படும் அந்த நொடியில், 150 அடியிலிருந்து இறைக்கச் சொல்கிறோம். ஆழம் கூடினால் தண்ணீர் குறையும். 255 லிட்டர், 340 லிட்டர், 450 லிட்டர் என்று விற்கும் பம்புகளின் எண்கள் பெரும்பாலும் 3 பாருக்குப் பக்கத்தில், 13.5 வோல்ட்டில் எடுத்தவை. உங்கள் அழுத்தத்தில் அது எவ்வளவு தரும் என்பது தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் இருக்கும், அந்த வரைபடம் இல்லாத பம்பை நான் வாங்க மாட்டேன். "600 எச்பி தாங்கும் பம்ப்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த அழுத்தத்தில், எந்த எரிபொருளில் என்று தெரியாமல் வெறும் விளம்பரம்தான்.

சரி, எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டும்? நோட்டுப் புத்தகத்தில் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். டர்போ பெட்ரோல் எஞ்சின் முழு மிதியில் ஒரு எச்பிக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். டர்போ இல்லாத எஞ்சின் 225 கிராம் பக்கம். 300 எச்பிக்கு 81 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, எனவே 109 லிட்டர். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் கலவையில் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும்: 117 லிட்டர். ஃபில்டர் அடைப்பு, சூடு, பம்பின் தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து கால்வாசி தாராளம் வைத்தால் மணிக்கு சுமார் 145 லிட்டர் என்று முடிகிறது. ஆனால் அது 4.5 பாரில் கிடைக்க வேண்டிய 145 லிட்டர். நல்ல 255 பம்ப் அந்த அழுத்தத்திலும் 13.5 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் இதைத் தாராளமாகத் தரும். 450 தேவையே இல்லை.

தேவைக்கு மேல் பெரிசாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தம்பி கேட்டான், நியாயமான கேள்வி. பம்ப் எப்போதும் முழு வேகத்தில் அடிக்கும், எஞ்சின் குடித்தது போக மீதி ரிட்டர்ன் குழாயில் டேங்குக்குத் திரும்பும். பழைய மெல்லிய ரிட்டர்ன் குழாயால் அவ்வளவையும் விட முடியாவிட்டால், ஐட்லிங்கில் அழுத்தம் ரெகுலேட்டர் வைத்த அளவில் நிற்காமல் ஏறிவிடும், வண்டி புகை கக்கும். எஞ்சின் சூட்டில் சுற்றி வரும் பெட்ரோல் டேங்கையும் சூடாக்கும். 450 வகை பம்ப் 15 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும், கம்பெனி ஒயரும், கரண்டைத் திறந்து மூடும் ரிலே சுவிட்சும் அதற்கென்று போட்டவை இல்லை.

இங்கேதான் ரெண்டாவது கேள்வி, கரண்டு. என்னைக் கேட்டால் பாதிப் பேர் கோட்டை விடுவது இதில்தான். லோ வோல்டேஜில் போர் மோட்டார் எவ்வளவு குறைவாக இறைக்கும் என்று பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கார் பம்ப் நேர்மின்சார மோட்டார், வோல்ட் குறைந்தால் சுழற்சி குறையும், சுழற்சி குறைந்தால் அழுத்தமும் அளவும் சேர்ந்து விழும். எங்கள் வண்டியில் முன்னாலிருந்து டேங்க் வரைக்கும் 5 மீட்டர், சுமார் 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர். 255 பம்ப் 4.5 பாரில் 10 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அந்தச் செம்பிலேயே 0.86 வோல்ட் போய்விடும். இருபது வருஷத்துப் பழைய கனெக்டர், துருப்பிடித்த எர்த், கருகிய ரிலே எல்லாம் சேர்ந்து 1.3 வோல்ட்டைத் தின்றதை மீட்டரில் பார்த்தோம். அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் ஒயர் போட்டால் ஒயரில் இழப்பு 0.2 வோல்ட்தான். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்து நேராக ஒரு ஒயர், டேங்குக்குப் பக்கத்தில் புது ரிலே, பழைய பம்ப் ஒயர் ரிலேயை இயக்க மட்டும். பம்ப் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

பம்பை மட்டும் உருவி மாற்றும்போது, அது உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தொப்பூர் மாதிரி ஏற்றத்திலும் வளைவிலும் பெட்ரோல் டேங்கின் ஒரு ஓரத்துக்கு ஓடிவிடும். அந்த நேரத்தில் பம்பைச் சுற்றிப் பெட்ரோல் நிற்க வைப்பது அந்த வாளிதான், அதை நிரப்பிக்கொண்டே இருக்கும் குட்டி ஜெட் பம்பும் அதிலேயே இருக்கும். உள்ளே போடும் ஹோஸும் முக்கியம். சாதாரண ஃப்யூவல் ஹோஸின் உட்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கம் ஊறி உப்பிப் பிளந்துவிடும். மூழ்கி இருப்பதற்கென்றே 30ஆர்10 என்ற தர எண் போட்ட ஹோஸ் உண்டு, அதைத்தான் போட வேண்டும். எத்தனாலைத் தாங்குமா என்றும் கேட்டு வாங்குங்கள். அப்புறம், 255 வகையில் போலி நிறைய ஓடுகிறது, விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

புது டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் எஞ்சின் மேலேயே கேம்ஷாஃப்ட் ஓட்டும் இன்னொரு பம்ப், 150 பாருக்கும் மேலே அழுத்தம் கொடுக்கிறது. டேங்க் பம்ப் அதற்கு ஊட்டிவிடுவது மட்டும்தான், அதனால் எது தடுக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டரின் பதிவை (லாக்) எடுத்துப் பார்க்காமல் டேங்க் பம்பை மாற்றிப் பயனில்லை.

எஞ்சின் சக்தியை இப்படிக் கூட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு தடுக்கிற சமாச்சாரம். அதனால் வண்டி இனிமேல் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு டிரெய்லரில்தான் போகும் என்று தம்பியிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

பம்பைப் போட்டதும் போரில் குடம் வைத்து அளப்பது போலவே அளந்தோம். கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் தெரிந்த மெக்கானிக் அண்ணா பட்டறைக்கு வெளியே, திறந்த வெளியில், தீயணைப்பு சிலிண்டரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, ரிட்டர்ன் ஹோஸை அளவு போட்ட கேனுக்குள் விட்டோம். ரெகுலேட்டரின் காற்று முனையில் சைக்கிள் பம்பால் 1.5 பார் அடித்ததும் அழுத்த மீட்டர் 4.5-இல் நின்றது. எங்களுக்கு வேண்டியது நிமிடத்துக்கு 2.4 லிட்டர். பழைய ஒயரில் வந்தது 2.2. புது பம்ப், 255 என்று எழுதிய பம்ப், வரைபடத்தில் தாராளமாகத் தாண்ட வேண்டிய பம்ப், அப்படியும் 2.2. தம்பி முகம் விழுந்துவிட்டது. 4 ஸ்கொயர் ஒயரை இழுத்து, எர்த்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து திரும்ப அளந்தால் 2.9. இத்தனைக்கும் எஞ்சின் ஓடாமல், வெறும் பேட்டரி வோல்ட்டில். ஆல்டர்னேட்டர் சேர்ந்தால் இன்னும் கூடும். போன மாதம் ட்ராக்கில் மூன்றாம் கியரில் 6500 வரை மிதித்தான், ஏஎஃப்ஆர் மீட்டர் 11.8-ஐ விட்டு நகரவில்லை.