லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடுகள்

போன வாரம் காவிரி டெல்டாவின் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் ஒரு காலனித் தெருவுக்குப் போயிருந்தேன். அரசுத் திட்டத்தில் பதினான்கு குடும்பங்களுக்குப் பணி ஆணை வந்து, பதினான்கு வீடுகளும் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே போடும் காங்கிரீட் பட்டையோடு, நிற்கின்றன. ஒன்றுக்குக்கூடத் தளம் போடவில்லை. சுவரின் தலையில் பாசி படர்ந்திருக்கிறது. சன்ஷேடுக்காக நீட்டிவிட்ட கம்பியை விரலால் தேய்த்தேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அந்த வீட்டுக்கார அம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர், கணவர் இல்லை. வீடு வரப்போகிறது என்று இருந்த குடிசையைப் பிரித்துப்போட்டுவிட்டு, பக்கத்தில் தார்ப்பாய்க் கொட்டகையில் இரண்டு மழைக்காலத்தைக் கழித்துவிட்டார். "பிரிக்காமல் இருந்திருந்தால் குடிசையாவது மிஞ்சியிருக்கும் சார்" என்றார்.

என்ன நடந்தது என்று கேட்டேன். பதில் எனக்கு முன்பே தெரியும். "எல்லா வீட்டையும் சேர்த்து ஒரே ஆளிடம் மொத்தமாக விட்டுவிட்டோம்." பணம் கட்டம் கட்டமாகப் பயனாளியின் கணக்குக்குத்தான் வரும். அந்த ஒப்பந்தக்காரர் அடித்தளத் தொகையை வங்கி வாசலிலேயே வாங்கிக்கொண்டார், லிண்டல் தொகையையும் வாங்கிக்கொண்டார், அடுத்த ஊரில் வேலை கிடைத்ததும் காங்கிரீட்டைத் தாங்க அடிக்கும் சென்ட்ரிங் பலகையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கட்டுமானப் பொறியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பகுதி ஊராட்சிகளுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். இந்த ஆண்டில் மட்டும் நான் பார்க்கும் ஆறாவது தெரு இது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

ஊராட்சியும் கட்டுமானக்காரர்களும் கூட்டாகச் சேர்ந்து ஏழைகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்று நான் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் தலையாட்டுகிறார்கள். வெளியே வந்ததும் செய்கிற முதல் காரியம், மொத்த வீடுகளையும் ஒருவர் கையில் ஒப்படைப்பது. அதற்குப் பெயர் கூட்டு என்று நினைக்கிறார்கள். அது கூட்டு அல்ல, கைகழுவுதல்.

கணக்கைப் பாருங்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பதினான்கு வீடு என்றால் 49 லட்சம் ரூபாய் வேலை. இதே 49 லட்சத்தில் ஊராட்சி ஒரு சமுதாயக்கூடம் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். வைப்புத்தொகை கட்டச் சொல்வார்கள். முடிந்த வேலை அளவுப் புத்தகத்தில் அடிக்கு அடி ஏறும். பில்லில் ஒரு பங்கு பிடித்தம் செய்துதான் கொடுப்பார்கள். ஓடிப்போனால் பிடிக்க ஆள் உண்டு, காகிதம் உண்டு. வீட்டுத் திட்டத்தில் இவற்றில் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் காகிதத்தில் ஒப்பந்தக்காரர் என்று ஒருவரே கிடையாது. பதினான்கு பயனாளிகள் அவரவர் வீட்டைக் கட்டிக்கொள்கிறார்கள். பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டத்தின் விதி இன்னும் வெளிப்படையானது: பயனாளியே கட்ட வேண்டும், அல்லது தம் மேற்பார்வையில் கட்டிக்கொள்ள வேண்டும், ஒப்பந்தக்காரரை நுழைக்கவே கூடாது. பயனாளியைக் காப்பாற்ற எழுதப்பட்ட விதி. ஆனால் திருட்டுத்தனமாக ஒப்பந்தக்காரர் நுழைந்துவிட்டால், அதே விதி அவரைக் கண்ணுக்குத் தெரியாதவராக ஆக்கிவிடுகிறது. யார்மீது புகார் கொடுப்பது? ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் "பயனாளி வேலையை முடிக்கவில்லை" என்றுதான் பதிவு இருக்கும். ஓடினவர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. அந்த அம்மாள் பெயர் இருக்கிறது.

உடனே மறுபக்கத்தில் ஒரு வாதம் வரும்: "அப்படியானால் அவர்களே கட்டிக்கொள்ளட்டும்." இதுவும் சரியல்ல. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் செங்கல் காளவாயில் விலை பேசி, எம்-சாண்ட் என்ற செயற்கை மணலுக்கு அலைந்து, கொத்தனாரைப் பிடித்து, கம்பி கட்டுகிறவரையும் சென்ட்ரிங் அடிப்பவரையும் ஒரே நாளில் வரவழைத்து, இடையில் தன் கூலியையும் இழக்காமல் எப்படிக் கட்டுவார்? அவரால் முடியாத வேலைகளை எடுத்துக்கொள்ளத்தான் ஊராட்சியும் கூட்டாளிகளும் தேவை. பணமும் முடிவும் பயனாளியிடம் இருக்க வேண்டும். கொள்முதல், கண்காணிப்பு, தொழில் அறிவு ஆகியவற்றைப் பிறர் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்தப் பிரிவினை கோடு போட்டது போலத் தெளிவாக இருக்கிற இடத்தில் வீடு முடிகிறது.

டெல்டாவுக்கு இது புதிய விஷயமும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் என்ன நடந்தது? அரசு நிலமும் சாலையும் குடிநீரும் தந்தது. தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்துடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வீடு கட்டின. அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு அங்கே தளப் பொறியாளனாக வேலை பார்த்தேன். ஒரு குப்பத்தில் பெண்கள் குழுவாக வந்து ஒவ்வொரு லோடு ஜல்லியையும் எண்ணி வாங்கினார்கள், கலவையில் தண்ணீர் கூடினால் சட்டியைக் கவிழ்க்கச் சொன்னார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குப்பத்தில் சாவி கொடுக்கும் நாள் வரை யாரையும் உள்ளே விடவில்லை. இரண்டுக்கும் பணம் ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்: முதல் குப்பத்தில் தளம் நிற்கிறது, இரண்டாவதில் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி தொங்குகிறது. காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தந்ததோடு நிற்காமல், கிராமத்தவர்களே செங்கல் அறுத்துத் தங்கள் வீட்டைக் கட்டும் வழியையும் இதே மண்ணில் செய்து காட்டியது. முன்மாதிரி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய டெல்டாவின் மண் களி. கோடையில் வயலில் பாதம் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, மழையில் ஊதுகிறது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துப் புது டெல்டாவின் மணற்பாங்கான மண் வேறு குணம். ஆனால் இரண்டு இடத்துக்கும் ஒரே வரைபடத்தை நீட்டுகிறார்கள், மேஸ்திரியும் இரண்டிலும் ஒரே ஆழத்துக்குக் கடைக்கால் (அஸ்திவாரம்) எடுக்கிறார். களியில் அப்படி வைத்த வீடு மூன்றாவது கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் விடும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே கடைக்கால் போக வேண்டும். அடியில் மணல் மெத்தை, மேலே சுற்றிலும் பிளிந்த் பீம் என்ற கம்பிக் காங்கிரீட் பட்டை. இவ்வளவுதான், ராக்கெட் தயாரிக்கச் சொல்லவில்லை. தரைமட்டம் எவ்வளவு உயரம் என்பதை புரெவி, கஜா புயல் நாட்களில் தண்ணீர் எங்கே நின்றது என்று தெருவில் உள்ள வயதானவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். எந்த வரைபடத்தையும்விட அந்தக் கை நம்பகமானது.

தலைஞாயிறு, வேதாரண்யம், கீழையூர் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அந்த நீரில் கலவை போட்டால் தளத்துக்குள் இருக்கும் கம்பியை உப்பு தின்றுவிடும். கம்பி உள்ள காங்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க ஆகும் செலவு, பதினான்கு வீட்டுச் செலவோடு பார்த்தால் ஒரு துளி. இதையாவது ஊராட்சி செய்யலாம் அல்லவா? தெருவுக்கு ஒரு பரிசோதனை போதும்.

கலவைத் தண்ணீரின் அளவுதான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 30 லிட்டர் வரை என்பதே தளக் காங்கிரீட்டுக்கான வரம்பு. அந்தத் தெருவில் ரப்பர் குழாயை நேராகக் கலவை எந்திரத்துக்குள் விட்டிருக்கிறார்கள். "தண்ணியாக இருந்தால்தான் சார் நன்றாக ஓடும்" என்று ஒரு மேஸ்திரி என்னிடமே சொல்லியிருக்கிறார். ஓடும், உண்மைதான். சத்தும் அதோடு ஓடும். சென்ட்ரிங் இடுக்கில் வழியும் சாம்பல் நிற நீர் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிமெண்டு.

இன்னொன்று காலம். பணி ஆணை ஆவணியிலும் புரட்டாசியிலும் வருகிறது. அப்போது காளவாய் மூடும் நேரம், செங்கல் விலை ஏறும், ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். டெல்டாவில் வீடு கட்டும் பருவம் சம்பா அறுவடைக்குப் பிறகு, மாசி முதல் வைகாசி வரைதான். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் சித்தாள் வேலைக்கு ஆள் கிடைக்காது. பயனாளியே வயலில் இருப்பார். ஆணை எப்போது வந்தாலும், காளவாயுடன் பங்குனியில் விலை பேசி முடிக்கும் ஏற்பாடு ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பிடம் இருந்தால் பதினான்கு வீட்டுக்கும் ஒரே விலை, ஒரே தரம். தனித்தனியாக ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்குகிறவருக்குக் காளவாயில் வேகாத கல்லைத் தள்ளிவிடுவார்கள்.

எந்த மதிப்பீட்டிலும் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. நான் பார்த்த தெருவுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு பாசன வாய்க்கால், அதன்மேல் லாரி ஏற முடியாத சின்ன மதகு. கல்லும் ஜல்லியும் சாலையோரம் இறங்கி, அங்கிருந்து தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். அந்தக் கூலிக்காகவே கடன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. பணி ஆணைகளை வழங்குவதற்கு முன்பு ஊராட்சி நிதியில் அந்த மதகைப் பலப்படுத்தித் தந்திருந்தால், அது பதினான்கு குடும்பங்களுக்கும் தந்த உதவியாக இருந்திருக்கும். கூட்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி, கண்டிப்பாகச் சில வார்த்தைகள். ஒரு கொத்தனார் குழுவுக்கு ஒரே சமயத்தில் மூன்று வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். முன்பணம் என்ற பேச்சே வேண்டாம். பொருளைக் கூட்டமைப்பு வாங்கட்டும், கூலி மட்டும் கட்டம் முடிந்தபின் போகட்டும், அதிலும் பத்தில் ஒரு பங்கை முதல் ஐப்பசி மழை தாண்டும்வரை நிறுத்தி வையுங்கள். கூலி ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, கிராம சபையில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கைபேசியில் எடுத்து ஏற்றும் புகைப்படம் நேரில் அளப்பதற்கு ஈடாகாது. படத்தில் விரிசல் தெரியாது, கம்பியின் கனம் தெரியாது. தளம் போடும் அன்று, வேலையைச் சரிபார்க்கும் ஓவர்சியர் நேரில் நிற்க வேண்டும். அவருக்கு ஊர்கள் பல, அவரைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் மூன்று வீட்டுத் தளத்தையும் ஒரே நாளில் வைக்கச் சொல்கிறேன். பக்கத்துப் பொறியியல் கல்லூரியையும் பாலிடெக்னிக்கையும் கேளுங்கள். மாணவர்கள் வந்து அளப்பார்கள், அவர்களுக்கும் அது படிப்பு.

கொத்தனார் கிடைக்கவில்லை என்கிறவர்களுக்கு ஒன்று: பிரதமர் வீட்டுத் திட்டத்திலேயே கிராமக் கொத்தனார் பயிற்சி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பயனாளியின் வீட்டைக் கட்டியபடியே 45 நாளில் தொழில் கற்றுச் சான்றிதழ் பெறலாம். வயதானவர், ஆதரவற்றவர், உடல் இயலாதவர் வீடுகளை இந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். எத்தனை ஊராட்சிகள் இதைக் கேட்டு வாங்கியிருக்கின்றன?

பட்டா விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. சுருக்கமாக: வாய்க்கால் புறம்போக்கிலும் பழைய மிராசுதார்களின் (நிலக்கிழார்களின்) மனைகளிலும் இருப்பவர்களைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். விவசாயத் தொழிலாளர் தாம் குடியிருக்கும் மனைக்கு உரிமை பெற 1971 முதல் சட்டமே இருக்கிறது. மனு எழுதிக் கொடுப்பதும் ஊராட்சியின் வேலைதான்.

2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்ததும் டெல்டா ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. ஆனாலும் ஊராட்சிச் செயலர் இருக்கிறார், மகளிர் கூட்டமைப்பு இருக்கிறது, கிராம சபை கூடுகிறது. தயவுசெய்து அடுத்த சபையில் வீட்டுப் பட்டியலோடு ஒப்பந்த நகலையும் கேளுங்கள்.

அந்த அம்மாள் வீட்டுக்குத் திரும்பப் போனேன். பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவர் சம்பா அறுவடை முடிந்ததும் மூன்று வீடுகளை எடுக்கச் சம்மதித்திருக்கிறார். துருப்பிடித்த கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கனம் குறைந்ததை வெட்டி மாற்ற வேண்டும். பாசியைச் சுரண்டி, ஊறிப்போன மேல்வரிசைக் கல் இரண்டை எடுத்துவிட வேண்டும். கூட்டமைப்புத் தலைவி கணக்குப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் அந்த அம்மாளின் பெயரை எழுதி, கீழே "தளம்: மாசி" என்று போட்டிருக்கிறார்.