யாரும் கேட்காத 25 பவுன்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் ஒருவர் போன மழைக்காலத்தில் ஆலோசனைக்கு வந்தார். தூக்கம் இல்லை, வீட்டில் தினமும் சண்டை என்றார். கொஞ்சம் பேசியதும் மடித்து வைத்திருந்த காலண்டர் தாளை விரித்தார். பின்பக்கம் மகள் கல்யாணக் கணக்கு: 25 பவுன், ரொக்கம், கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டார் சீரோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் ‘அடுக்களை காணும்’ செலவு. தாளைப் பிடித்த விரல்களின் நக இடுக்கில் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்திருந்தது.

“மாப்பிள்ளை வீட்டில் இவ்வளவு கேட்டாங்களா?” என்றேன்.

“இல்ல மக்களே, அவங்க ஒண்ணுமே கேக்கல. நாமதான் பாத்துச் செய்யணும்.”

குடும்பநல ஆலோசகராக இந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் ஒரு மனிதர் கடனில் மூழ்கப் போகிறார். அவருடைய மனசை மட்டும் தோண்டினால் இதற்குக் காரணம் கிடைக்காது.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1895-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: சமூக உண்மை. நாம் பிறப்பதற்கு முன்பே இருக்கும், நமக்கு வெளியே இருந்து நம்மை நெருக்கும். மீறிப் பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். அவர் சொன்ன உதாரணங்களில் ஒன்று உடை. ஊர் வழக்கத்தை மதிக்காமல் உடுத்தினால் ஊரின் சிரிப்பும் ஒதுக்கமுமே தண்டனையின் வேலையைச் செய்துவிடும் என்றார்.

நம் மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்பை மூடும் தோள்சீலைக்காக இங்கே பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள். திருவிதாங்கூர் அரசு 1859-இல் நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்று அறிவித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றது. தலைப்பாகை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னவர் சமூகச் சீர்திருத்தவாதியான அய்யா வைகுண்டர். அவருடைய வழிபாட்டுத் தலமான சாமித்தோப்புப் பதிக்குள் இன்றும் ஆண்கள் அப்படித்தான் போகிறார்கள். இயற்கை என்று நினைத்த வழக்கத்தை மனிதர்கள் மாற்றிய மண் இது. வரதட்சணையை மட்டும் ஏன் விதி என்கிறோம்?

ஏழை ஏன் சக்திக்கு மீறிப் போடுகிறார் என்பதற்கு ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் உதவுகிறார். பணத்தால் வருவது வர்க்கம்; ஊர் தரும் மதிப்பு அந்தஸ்து. இரண்டும் ஒன்றல்ல. அந்தஸ்து தன் எல்லையைப் போடுவது பெண் கொடுத்து எடுப்பதில்தான். கூலிக்குப் பால் வெட்டுகிறவருக்குத் தோட்டம் சொந்தமில்லை என்பதை மார்க்ஸ் கவனித்திருப்பார். நகை அவருக்கு ஊர் முன் நிமிர்ந்து நிற்க ஒரு வழி.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். மிரட்டலோ அடியோ இருந்தால் பெண்கள் உதவி எண் 181-க்கு உடனே பேசுங்கள்.

அடுத்த முறை மனைவியையும் மகளையும் அழைத்து வரச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும், இதை முடிவு செய்தது யார் என்று மகளை எழுதச் சொன்னேன். 25 பவுனுக்கு நேரே ‘சித்தப்பா மகளுக்குப் போட்டது’ என்று எழுதினாள். அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அம்மா மெதுவாகச் சொன்னார், அதற்குச் சித்தப்பா வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை என்று.