சஃப்ரஜெட்: ஏளனத்தில் பிறந்த சொல்

'சஃப்ரஜெட்' என்பதைத் தமிழில் 'பெண் வாக்குரிமைப் போராளி' என்று எழுதுகிறோம். பொருள் சரிதான். ஆனால் அது மரியாதையான பெயர். ஆங்கிலச் சொல்லோ கிண்டல் செய்வதற்காகவே கட்டப்பட்டது.

வேர்ச்சொல் 'சஃப்ராஜியும்' என்ற லத்தீன் சொல். வாக்கு, வாக்களிக்கும் உரிமை, ஆதரவு என்று பொருள். துன்பப்படுவதைச் சொல்லும் 'சஃபர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை, ஒலி மட்டும்தான் ஒன்றுபோல இருக்கிறது. இதிலிருந்து வந்த 'சஃப்ரஜிஸ்ட்', வாக்குரிமை கேட்கும் ஆண் பெண் இருபாலருக்கும் பொது. பிரிட்டனில் மனு, பொதுக்கூட்டம் என்று சட்டத்துக்குள் நின்று கேட்ட மில்லிசென்ட் ஃபாசெட்டின் அணியினர் இந்தப் பெயரில் அறியப்பட்டார்கள்.

1903இல் மான்செஸ்டரில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தொடங்கிய சங்கத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. 'பேச்சல்ல, செயல்' என்பது அவர்கள் முழக்கம். அரசியல் கூட்டங்களில் புகுந்து தலைவர்களை மறித்துக் கேள்வி கேட்டார்கள், கைதானார்கள். 1906இல் டெய்லி மெயில் நாளிதழின் சார்லஸ் ஹேண்ட்ஸ் இவர்களைச் சீண்ட 'எட்' என்று ஒரு வால் ஒட்டி 'சஃப்ரஜெட்' என்றார். 'எட்' என்பது சிறியதைக் குறிக்கும் பிரெஞ்சு விகுதி. சிகார் சிறுத்தால் சிகரெட் ஆவது இப்படித்தான். அந்தப் பெண்களோ கோபப்படாமல் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1912இல் தங்கள் பத்திரிகைக்கே அதைச் சூட்டினார்கள். கடைசி அசையை, ஆங்கிலத்தில் 'வாங்கு' என்று பொருள்படும் 'கெட்' போல அழுத்திச் சொன்னால் 'வாங்காமல் விடமாட்டோம்' என்ற தொனி வரும் என்று வேடிக்கையும் செய்தார்கள்.

இரண்டு சொற்களுக்கும் நடுவே வாழ்ந்தவர் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்தின் பாயில் ஊரில் 1878இல் பிறந்தவர், இசை படித்தவர். 1908இல் டப்ளினில் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அது பாங்க்ஹர்ஸ்ட் சங்கத்தின் கிளையல்ல, தனி அமைப்பு. ஆனாலும் 1910இல் லண்டனில் போராட்டத்தில் இறங்கி ஹாலோவே சிறைக்குப் போனார். 1913இல் டப்ளின் கோட்டைச் சன்னல் கண்ணாடியை உடைத்ததற்காக டல்லமோர் சிறை, அங்கே உண்ணாவிரதம்.

1915இல் இந்தியா வந்தார். 1917இல் அடையாறில் அன்னி பெசன்ட், டாரதி ஜினராஜதாசா ஆகியோருடன் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது, 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழுவொன்று அவரைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அந்தச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவர் கசின்ஸ். கல் வீச்சு எதுவுமில்லை. 1921இல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை, பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. சொத்துத் தகுதி இருந்ததால் சிலருக்குத்தான் அது கிடைத்தது என்பது வேறு கதை. அப்புறம் 1932இல், பேச்சுரிமைக்குத் தடை போட்ட அவசரச் சட்டத்தை எதிர்த்துப் பேசி வேலூர் சிறைக்கும் போனார் அந்த அம்மா.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? இயக்கத்துக்குப் 'பெண்கள் வாக்குரிமை இயக்கம்' போதும். 'ஓட்டுரிமை'யும் நல்ல சொல்தான், மக்கள் வாயில் இருப்பது அதுதான். சஃப்ரஜிஸ்ட்டுக்கு 'வாக்குரிமை ஆர்வலர்', சஃப்ரஜெட்டுக்கு 'வாக்குரிமைப் போராளி' என்று பிரித்து எழுதினால் குழப்பம் வராது. டப்ளின் கசின்ஸ் போராளி, 1917 சென்னைக் கசின்ஸ் ஆர்வலர்.

1906ஆம் ஆண்டுச் செய்தியை மொழிபெயர்க்கும்போது மட்டும் 'போராளி' பொருந்தாது. அங்கே நான் 'ஓட்டுக்காரிகள்' என்றுதான் போடுவேன். ஹேண்ட்ஸின் நக்கலைச் சொல்ல நம் 'காரி' விகுதியே போதும்.