சீட் எண்ணை மாற்றிப் பார்த்தீர்களா?

மாடல் ரிசல்ட்டோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். சீட் (seed) என்றால், ரேண்டம் எண்களை எங்கிருந்து தொடங்குவது என்று கணினிக்குச் சொல்லும் எண். கொஞ்ச நாள் முன்பு ஓர் ஆய்வு மாணவர் வந்தார். பஸ், ரயில், பைக், ஆட்டோ, எதில் வேலைக்குப் போகிறீர்கள் என்று ஒரு சர்வே, ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று எடுத்துக்கொள்ளும் மிக்ஸ்டு லாஜிட் மாடல், ஆளுக்கு 100 டிரா (ரேண்டமாக எடுக்கும் எண்கள்). கட்டணம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி உறைக்கிறது என்பதுதான் ஆய்வேட்டின் உயிர்நாடி, அதற்கான டி மதிப்பும் 2-ஐத் தாண்டி நின்றது (தாண்டினால் அது வெறும் தற்செயல் அல்ல என்று எடுத்துக்கொள்வது வழக்கம்). சரி, சீட்டை மட்டும் மாற்றி இன்னொரு தடவை ஓட்டுங்கள் என்றேன். 2-க்குக் கீழே இறங்கியது. மூன்றாம் தடவை மறுபடி மேலே. டேட்டா அதேதான், மாறியது ரேண்டம் எண்கள் மட்டும்.

இந்த வகை மாடலில் ஒருவர் ரயிலைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்தகவை எழுதப்போனால் தொகையீடு வந்து நிற்கும், அதற்கு நேரடி விடை கிடையாது, அதனால் ரேண்டம் எண்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு சராசரி எடுக்கிறோம். இதுவரை வில்லங்கம் இல்லை. மாடல் டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க ஒவ்வொருவரின் நிகழ்தகவுக்கும் மடக்கை (log) எடுத்துக் கூட்டுவோம்; அப்போதுதான் வருகிறது. உண்மை நிகழ்தகவு 0.02 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டத்தில் 0.01 வருகிறது, அடுத்ததில் 0.03. சராசரி கச்சிதம். ஆனால் மடக்கைகளின் சராசரி −4.06, 0.02-இன் மடக்கையோ −3.91. இந்தச் சறுக்கல் ஆளுக்கு ஆள் கழியாது, சேரும். டிராவைக் கூட்டினால் குறையும், ஆனால் சாம்பிள் பெருக்கும்போது அதன் வர்க்கமூலத்தைவிட வேகமாக டிராவும் பெருக வேண்டும்.

பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன் 1989-இல் எக்கனாமெட்ரிக்கா ஆய்விதழில் மடக்கையையே ஓரங்கட்டினார் (இதே சிக்கலை ஆராய்ந்த பேக்ஸ், பொலார்ட் இருவரின் கட்டுரையும் அதே இதழில்தான்). நிகழ்தகவு நேரடியாக நுழையும் மொமென்ட் சமன்பாடுகளில் (உண்மைத் தேர்வுக்கும் மாடல் சொல்லும் நிகழ்தகவுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியில் பூஜ்யமாக வேண்டும் என்பவை) சிமுலேஷன் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆளுக்கு ஒரே டிரா போட்டாலும், சாம்பிள் பெரிதாக இருந்தால் மதிப்பீடு உண்மையை நெருங்கும். கூலியாக மதிப்பீட்டின் மாறுபாடு (variance) கூடும்: வெறுமனே எண்ணிப் பார்க்கும் எளிய முறையில் 10 டிராவுக்குச் சுமார் 10 சதவீதம்.

நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தப்பு, ஆப்டிமைசர் (சிறந்த விடையைத் தேடிப்போகும் புரோகிராம்) ஒவ்வொரு அடி வைக்கும்போதும் புதுசாக ரேண்டம் எண் எடுப்பது. மலையேறுகிறவன் காலடியில் மலையே ஆடினால் உச்சி எங்கே தெரியும்? ஆரம்பத்தில் ஒரு தடவை எடுத்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ரேண்டம் எண்களுக்குப் பதில், இடைவெளியைச் சீராக நிரப்பும் ஹால்டன் வரிசையும் உதவும். ஐஐடி மெட்ராஸில் படித்த போக்குவரத்து ஆய்வாளர் சந்திரா பட்டும் பொருளியலாளர் கென்னத் டிரெய்னும் மிக்ஸ்டு லாஜிட்டில் 100 ஹால்டன் டிரா 1000 சாதா டிராவை மிஞ்சுவதைக் காட்டினார்கள். ஆனால் ரேண்டம் கெழுக்கள் நிறைய இருந்தால் ஹால்டன் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கலைத்துப் போட வேண்டும்.

டிரா குறைவாக இருப்பதில் எனக்கு நிஜமாகவே பயம் தருவது வேறு. டேட்டாவிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாத ஒரு கெழுவைக்கூட அது கண்டுபிடித்த மாதிரி காட்டிவிடும். ஆய்வாளர்கள் சியூவும் வாக்கரும் 2007-இல் இதை விளக்கியிருக்கிறார்கள். நம் மாணவருக்கும் அப்படித்தான் ஆயிற்று. 2000 டிரா போட்டதும் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறுகிறது என்பதன் அளவு) ஊதிப்போனது. அப்புறம் சர்வே படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ஆளுக்கு ஒரே ஒரு பயணம்தான் கேட்டிருந்தார். ஒருவரிடமே ஐந்தாறு தேர்வுகள் வாங்கியிருந்தால் ரசனையையும் தற்செயலையும் பிரிக்க வழியிருந்திருக்கும். இப்போது புதுப் படிவத்தோடு மறுபடி கிளம்பியிருக்கிறார்.